இன்னும் ஒரு பெட்டி

"…அதுவும் ஒரு தடவை இல்ல தம்பி, ரெண்டு தடவை. 'சரி சார், சரி சார்'னு சொன்னீங்க. ஒரு தடவை சொல்லியிருந்தா நான் நம்பியிருக்கவே மாட்டேன்," என்றார்.

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் கடை. ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு விடுவதும் அமரர் ஊர்தி ஓட்டுவதும் தொழில். கடை ஓனருடையது, வண்டியும் ஓனருடையது, பேச்சு மட்டும் என்னுடையது. அன்று பகல் பதினொரு மணி இருக்கும். என் முன்னால் நின்றவர் சிட்லபாக்கத்துக்காரர், எழுபது தாண்டியவர். பதினெட்டு நாளைக்கு முன்னால் அவர் மனைவியை என் வண்டியில்தான் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனோம். நான் அவர் வீட்டில் மறந்து விட்டுவந்த எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருட்டி, ரெண்டு ரப்பர் பேண்டு போட்டு, மஞ்சப்பையில் வைத்து, பஸ் ஏறிக் கொண்டுவந்திருந்தார்.

அவர் என்னிடம் ஒன்று கேட்டிருந்தார். பெட்டியில் ஏதோ ரிப்பேர் என்று நான் ஒரு பொய் சொல்ல வேண்டும். சொல்லி, அறையில் இருக்கிற அத்தனை பேரையும் வெளியே அனுப்ப வேண்டும். பத்து நிமிஷம் அவர் தன் மனைவியோடு தனியாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். நான் சரி என்றேன், ரெண்டு தடவை. செய்யவில்லை. மறந்துபோனேன் என்றாலாவது பரவாயில்லை. அவர் கேட்டதே என் காதில் விழவில்லை.

ஏன் விழவில்லை என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எங்களுடையது காத்திருக்கிற தொழில். வண்டி ஓட்டுவது அரை மணி, காத்திருப்பது அரை நாள். மகன் வரணும், மகள் வரணும், ராகு காலம் போகணும், மேளக்காரர் டீ குடிக்கணும். அந்த நேரத்தில் வீட்டு ஆட்கள் ஒவ்வொருவராக வந்து வண்டிக் கதவில் சாய்ந்து நின்று பேசுவார்கள். உள்ளே சொல்ல முடியாததை வண்டிக்காரனிடம் சொல்லலாம். நாளைக்கு அவன் முகத்தைப் பார்க்கப்போவதில்லை அல்லவா? எனக்குப் படிப்பு பத்தாவதோடு நின்றது. அதற்கப்புறம் படித்ததெல்லாம் இந்த மாதிரிக் கதவோரத்தில்தான்.

நல்லதாக யாராவது ஒரு வார்த்தை சொன்னால் டிரிப் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி வைப்பேன். பெருங்களத்தூரில் ஒருவர் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னது: "அவரு இருந்த வரைக்கும் எங்க வூட்ல ஃபேன் ஓடுற சத்தமே கேட்டதில்ல. இன்னிக்கித்தான் கேக்குது." கோவளம் பக்கம் மீன் விற்கிற அம்மா ஒருத்தர், அழுதுகொண்டே பாதியில் நிறுத்திச் சொன்னது: "நாப்பது வருசம் கடலுக்குப் போயிட்டுப் போயிட்டு வந்தாரு. கட்டில்லருந்து வுழுந்து செத்தாரு. அத்த நெனச்சா ஒரு பக்கம் சிரிப்பும் வந்துகினு கீது." பல்லாவரத்தில் சவப்பெட்டி வந்திறங்கியபோது ஒரு தம்பிக்காரர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எங்க அண்ணன் சைஸுக்குக் கடையில எதுவுமே கெடைக்காது. சட்டையே தச்சுத்தான் போடுவார். இதுவும் சொல்லித்தான் செய்ய வேண்டியதாப்போச்சு" என்றார். அப்படி ஒரு நோட்டு நிறைந்து, அடுத்த நோட்டிலும் பாதி ஓடியிருந்தது.

போனில் ஆட்டம் வந்த பிறகு அந்த நோட்டில் ஒரு வரி கிடையாது.

தாம்பரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற நண்பன் ஒருவன் லிங்க் அனுப்பினான். "காசே வேணாம் மச்சான். சும்மா சுத்திக்கினே இரு, டைம் போவும்" என்றான். வெளிநாட்டு ஸ்லாட் ஆட்டம், தட்டினால் படங்கள் சுற்றி நிற்கிற சூதாட்டம். ரொம்பப் பழசாம், பேர் போனதாம். காசு வைத்து ஆடுவது இங்கே தடை. இது காசில்லாமல் பழகிப் பார்க்கிற பக்கம். திறந்தவுடன் ஐயாயிரம் காயின் சும்மாவே ஏறி நிற்கும்.

ஒரு கோட்டை, ஒரு நிலா, விடாத மழை. ஐந்து வரிசையாகப் படங்கள் சுற்றும்: வௌவால், மண்டை ஓடு, பூண்டு மாலை, கூராகச் சீவிய மரக்கட்டை, ரத்தக் கண்ணோடு ஒரு வெள்ளைக்கார அம்மா. எங்கேயோ ஒரு கதவு கிரீச்சென்று சாத்திக்கொள்ளும். ஒரே சுற்றில் மூன்று சவப்பெட்டி விழுந்தால் கோட்டைக்குள் வேறொரு அறைக்குப் போகலாம். அங்கே வரிசையாகப் பெட்டிகள் நிற்கும். ஒன்றைத் தொட்டால் மூடி திறந்து, உள்ளே கிடப்பவன் எழுந்து உட்காருவான்.

பயம் எனக்கு வரவில்லை. பெட்டியைப் பார்த்ததும் தொழில் புத்திதான் வேலை செய்தது. தோள் பக்கம் அகலம், கால் பக்கம் ஒடுக்கம், இந்த மாதிரி எத்தனையோ தூக்கியிருக்கிறேன். கைப்பிடி மட்டும் வரையாமல் விட்டிருந்தான். கைப்பிடி இல்லாமல் எந்தக் கோட்டையில் எப்படித் தூக்குவானோ. அப்புறம் இன்னொன்று. நம் பக்கத்தில் சவம் எதிரே வந்தால் நல்ல சகுனம். ஜி.எஸ்.டி. ரோட்டில் என் வண்டியைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்களைவிடக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள் அதிகம். அதனால் வெள்ளைக்காரன் பயமுறுத்துவதற்கு வைத்த பெட்டியை நான் சகுனமாக எடுத்துக்கொண்டேன். ஒன்று விழுந்தால் மனசு குளிரும். ரெண்டு விழுந்தால் மூச்சு நிற்கும். மூன்றாவதாக வரவேண்டிய அந்தப் பெட்டி மட்டும் வராது. வராவிட்டால் என்ன, அடுத்த சுற்றில் வரும்.

காசு வைத்து ஆடுகிறவனுக்கு ஒரு நாள் காசு தீரும். வீட்டில் சண்டை நடக்கும், போனை விற்பான், எப்படியோ ஒரு வாசல் திறக்கும். என் ஆட்டத்தில் காயின் தீர்ந்தால் பக்கத்தை மூடி மறுபடி திறந்தால் போதும், ஐயாயிரம் புதிதாக நிற்கும். ஜெயித்தால் ஒன்றும் கிடைக்காது, அது தெரிந்ததுதான். தோற்கவும் முடியாது என்பது எனக்குப் புரிய மாதக்கணக்கானது. உள்ளே விட்டுவிட்டு வாசல் இருந்த இடத்தில் சுவர் எழுப்பிவிட்டார்கள்.

அழித்துப் போடலாம் என்றால் அது ஆப் கூட இல்லை, வெறும் லிங்க். போனை அணைத்து வைக்கலாம் என்றால் சாவுச் செய்தி வருவது அந்தப் போனில்தான். ரெண்டு நாள் மனைவியிடம் கொடுத்து வைத்தேன். பம்மலிலிருந்து ஒரு வீட்டுக்காரர் நாலு தடவை கூப்பிட்டு எடுக்க ஆளில்லாமல் வேறு கடைக்குப் போய்விட்டார் என்று ஓனர் சத்தம் போட்டார். போன் திரும்பவும் என் கைக்கு வந்தது.

என் மனைவி ஒரு நாள் பூண்டு உரித்துக்கொண்டே எட்டிப் பார்த்து, இந்த ஆட்டத்தில் பூண்டு எதற்கு என்று கேட்டாள். பேய் பூண்டுக்குப் பயப்படுமாம் என்று சொன்னேன். கையில் இருந்ததைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "தெனமும் ஒரு கைப்பிடி உரிக்கிறேன். நீ மட்டும் எப்பிடி உள்ள வந்த?" என்றாள். அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே என் கட்டை விரல் சுற்றிவிட்டது. அதை அவள் பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றி ஜோக் அடிக்கவில்லை.

இந்த நிலைமையில்தான் சிட்லபாக்கத்து வீட்டுக்குப் போனேன்.

ஏரிக்குப் பக்கத்தில் ஒரு முட்டுச்சந்து, கடைசி வீடு. காலையில் வண்டியைப் பின்னாலேயே எடுத்துக்கொண்டுபோய் வாசலில் நிறுத்திப் பெட்டியை இறக்கினோம். பெட்டி தூக்கக் கூட வந்த கடை அண்ணன் இன்னொரு வேலைக்குப் போய்விட்டார். நான் வயரை மாட்டி, குளிர் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு வெளியே வருவதற்குள் சந்து முழுக்கப் பந்தல் போட்டு, நாற்காலி அடுக்கி, என் வண்டிக்கு முன்னால் இரும்புக் கம்பி நட்டுவிட்டார்கள். சந்துமுனையில் சாக்கடைக்காகப் பள்ளம் வேறு. மகள் வெளிநாட்டிலிருந்து மறுநாள் மத்தியானம்தான் வருகிறாள். ஓனரிடம் சொன்னால், "அங்கயே இரு நைனா, கரண்ட்டு வேற போயிப் போயி வருதாம், பெட்டியப் பாத்துக்க ஆள் வேணும்" என்றார். நகர முடியாத வண்டி, முன்னால் பந்தல், மூன்று பக்கம் மதில், கையில் போன். எனக்கு என்ன குறை?

மனைவியை இழந்த அந்த மனிதர் காலையிலேயே என்னிடம் நல்லபடியாகப் பேசினார். மின்சார ரயிலில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். நான் பிளக் மாட்டும்போது பக்கத்தில் நின்று, தாம்பரம் பீச், பீச் தாம்பரம் என்று வாழ்க்கை முழுக்க வண்டியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு போனதைச் சொன்னார். "முன்னால ஓட்டறவர் மூஞ்சி எனக்குத் தெரியாது. மணிதான். ஒரு மணி அடிச்சா நில்லு, ரெண்டு மணி அடிச்சா கிளம்பு. நான் ரெண்டு அடிப்பேன், அவர் பதிலுக்கு ரெண்டு அடிப்பார். அப்பதான் வண்டி நகரும்" என்றார். பெட்டிக்குள் அவர் மனைவி படுத்திருக்க, இதை ஏன் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. சாவு வீட்டில் மனசு போகிற போக்கு அப்படித்தான். அதை நோட்டில் எழுத வேண்டும் என்று நினைத்தேன். எழுதவில்லை.

அறை சின்னது. பெட்டியைச் சுற்றிப் பெண்கள் கால் நீட்டக்கூட இடமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் வெளியே நாற்காலியில். அதுதானே வழக்கம்? நாற்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவருக்கும் பந்தலில் ஒரு சிவப்பு நாற்காலிதான். வருகிறவர்கள் கையைப் பிடிக்க வேண்டும் அல்லவா, அதனால் எழுந்து உள்ளே போகவும் முடியாது. ரெண்டு தடவை போனார். வாசலில் நின்று தலையை நீட்டினார். உள்ளே இருந்தவர்கள் அவரைப் பார்த்ததும் சத்தமாக அழத் தொடங்கவே திரும்பி வந்துவிட்டார்.

பதினொரு மணிக்குக் கரண்ட் போய் வந்தது. பெட்டிக் கண்ணாடியில் ஆவி படிந்து உள்ளே முகம் தெரியவில்லை. நான் துணியோடு போய், "கொஞ்சம் வெளியே இருங்கம்மா, ஒயர் பாக்கணும்" என்றேன். அத்தனை பேரும் எழுந்து போனார்கள். ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. பெட்டிக்காரன் சொன்னால் போய்த்தான் ஆக வேண்டும். நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, பிளக்கை அழுத்திவிட்டு, அவர்களைக் கூப்பிட்டேன். ஜன்னலுக்கு வெளியே சிவப்பு நாற்காலியிலிருந்து அவர் இதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்திருக்க வேண்டும்.

நான் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் ஆடுவேன், அந்த அளவுக்கு மரியாதை இருந்தது. மத்தியானம் தாண்டி ஒரு சுற்றில் ரெண்டு பெட்டி சேர்ந்தாற்போல் விழுந்தன. வாய் தானாகச் சொல்லிவிட்டது: "இன்னும் ஒண்ணே ஒண்ணு. ஒரு பெட்டி வுழுந்தா போதும்."

வண்டி ஜன்னலுக்கு நேர் கீழே, மதில் நிழலில் நாற்காலி போட்டு இறந்துபோன அம்மாவின் அக்கா உட்கார்ந்திருந்தார். எண்பது இருக்கும். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"யாருக்குப்பா அந்த இன்னொரு பெட்டி? எனக்கா?"

போனை மடியில் கவிழ்த்தேன்.

"எனக்குன்னா இப்பவே சொல்லிடு. தலைக்கு ஊத்திட்டு வந்துடறேன். அப்புறம் இவளுங்க வெந்நீர் போடலன்னு சண்டை போட்டுக்குவாளுங்க" என்றார். பக்கத்தில் இருந்த பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். நான் இறங்கி அந்த அம்மாவின் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டேன். இந்த மாதிரிப் பேச்சுக்காகத்தானே நான் இந்தத் தொழிலை விடாமல் இருந்தேன்? பழைய ஆளாக இருந்தால் அந்த அக்காவின் பக்கத்திலேயே உட்கார்ந்து சாயங்காலம் வரை கதை கேட்டிருப்பேன். அன்று அஞ்சு நிமிஷம் நின்றேன். அதற்குமேல் கை பொறுக்கவில்லை. திரும்ப ஏறிக் கதவைச் சாத்தினேன். ஜன்னல் கண்ணாடியையும் ஏற்றிவிட்டேன்.

நாலு மணிவாக்கில் கண்ணாடியைத் தட்டினார் அவர். பக்கத்து வீட்டிலிருந்து வந்த டீயைப் பேப்பர் கப்பில் எனக்கென்று எடுத்துக்கொண்டு வந்திருந்தார். நான் கண்ணாடியைப் பாதி இறக்கி வாங்கினேன். டீயில் சர்க்கரை தூக்கல் என்பது ஞாபகம் இருக்கிறது. அவர் கதவில் சாய்ந்து நின்றதும், சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தியதும் ஞாபகம் இருக்கிறது. அவர் சட்டைப் பையில் ஒரு நீலப் பேனா. நிறைய நேரம் பேசினார். ஒரு பெட்டி விழுந்தது. அவர் கேட்பது மாதிரி நிறுத்தினார். ரெண்டாவது பெட்டி விழுந்தது. ஐந்தாவது வரிசை இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

"சரி சார், சரி சார்" என்றேன்.

அவர் ஜன்னல் வழியாகக் கையை விட்டு என் தோளை அழுத்தினார். அதுவும் ஞாபகம் இருக்கிறது. டீ குடிக்கச் சொல்கிறார் என்று நினைத்துக் குடித்தேன். ஐந்தாவது வரிசையில் பூண்டு வந்து நின்றது.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு மகள் வந்தாள். அதற்கப்புறம் எல்லாமே ஓட்டம். அழுகை, மாலை, கொள்ளிக்கு அவர் அண்ணன் மகன், ராகு காலத்துக்கு முன்னால் எடுக்க வேண்டும் என்று ஒரு மாமா கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். பந்தலின் முன்கம்பியைப் பிடுங்கி என் வண்டிக்கு வழி விட்டார்கள். நான் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு ஓரமாக நின்றேன். போன் கையில்தான்.

அவர் நாற்காலியிலிருந்து ரெண்டு மூன்று தடவை என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். வாடிக்கைக்காரர் பார்த்தால் தலையாட்ட வேண்டும், அது பழக்கம். கடைசியில் எழுந்தார். சட்டையைக் கீழே இழுத்துச் சரிசெய்துகொண்டார். பையிலிருந்து சின்னச் சீப்பை எடுத்து, முன்னால் கொஞ்சமாக இருந்த முடியை வாரிக்கொண்டார். இந்த நேரத்தில் எதற்குத் தலை வாருகிறார் என்று மனசில் ஓடியது. என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"இப்பவா தம்பி?"

எடுக்கிற நேரத்தைக் கேட்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றும். வேறென்ன தோன்றும்?

"இப்பவே சார். எல்லாம் ரெடி" என்றேன்.

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடியாக வைத்துவிட்டு உள்ளே போனார். அவர் பின்னாலேயே தூக்குகிற நாலு பேரும் போனார்கள். உள்ளே ஒரே சத்தம். ரெண்டு நிமிஷத்தில் பெட்டிக் கண்ணாடியைத் திறந்து அந்த அம்மாவை வெளியே கொண்டுவந்தார்கள். அவர் கூட்டத்துக்கு நடுவில் வெறுங்காலோடு தள்ளப்பட்டு வந்தார். என் முகத்தைப் பார்த்தார். அவர் கோபப்படவில்லை. ஸ்டேஷனில் ரயில் நகர்ந்த பிறகு படியைப் பிடிக்க முடியாமல் நின்றுபோனவர் பார்ப்பாரே, அந்த மாதிரி.

முட்டி வலிப்பதால் பின்னால் ஏற முடியாமல் முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். வழி முழுக்க மடியில் கையைக் கோத்துக்கொண்டு ரோட்டையே பார்த்தார். துக்கம் என்று நினைத்தேன். பள்ளத்தில் வண்டி ஒரு தூக்குத் தூக்கியபோது மட்டும் பின்னால் திரும்பிப் பார்த்தார். பெட்டியை எடுக்கச் சாயந்தரம் போனேன். எடுத்தேன், வயரை விட்டுவிட்டு வந்தேன். அவர் அப்போது குளித்துவிட்டு மாடியில் நின்று தண்ணீர் டேங்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வயரோடுதான் பதினாறாம் நாள் காரியமும் முடிந்த பிறகு கடைக்கு வந்தார். நான் வாசல் ஸ்டூலில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தேன். நிழல் விழுந்ததும் நிமிர்ந்தேன். மஞ்சப்பையைக் கொடுத்தார். நான் நன்றி சொன்னேன். போகாமல் நின்றார். குனிந்து என் போனைப் பார்த்தார்.

"அன்னிக்கும் இதுதானா?" என்று கேட்டார்.

மறைக்க வழியில்லை. காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார். வௌவால், பூண்டு, பெட்டி எல்லாம் என்ன என்று கேட்டார். மூன்று பெட்டி விழுந்தால் உள்ளே இருப்பவன் எழுந்து உட்காருவான் என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்குக் கேவலமாக இருந்தது. இதில் பணம் போகுமா என்றார். போகாது சார், காயின் தீர்ந்தால் தானாகவே திரும்ப வந்துவிடும் என்றேன்.

"அப்ப நீங்க எப்படி வெளியே வருவீங்க?" என்றார்.

என் மனைவி கேட்கவில்லை, ஓனர் கேட்கவில்லை, எனக்கே கேட்கத் தெரியவில்லை. ரயிலில் கார்டாக இருந்தவர் கேட்டார்.  

அப்புறம்தான் அந்த டீ கொண்டுவந்த நாளில் என்னிடம் என்ன கேட்டார் என்பதைச் சொன்னார். பொய்யாக ஒரு ரிப்பேர், பத்து நிமிஷம். நான் தலைகுனிந்து கேட்டேன். அந்தப் பத்து நிமிஷத்தில் அம்மாவிடம் என்ன சார் சொல்ல இருந்தீங்க என்று கேட்டேன். கேட்கக்கூடாதுதான். ஆனால் பல மாதம் கழித்து ஒருவரிடம் பதிலைக் காது கொடுத்துக் கேட்க நினைத்து நான் கேட்ட முதல் கேள்வி அது.

"பெரிசா ஒண்ணுமில்ல தம்பி. அவ போறதுக்கு மொத நாள் சாயந்தரம் டேங்க் நெரம்பி மாடியெல்லாம் தண்ணி. நீதான் மோட்டாரைப் போட்டுட்டு மறந்துட்டன்னு கத்தினேன். இல்லவே இல்லைன்னா. எனக்கு மறதி வந்துடுச்சான்னு அழுதா. போட்டது நான்தான், செடிக்கு ஊத்தறதுக்கு. படுத்தப்புறம் ஞாபகம் வந்துச்சு. காலைல சொல்லிக்கலாம்னு திரும்பிப் படுத்துட்டேன்." கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டார். "அத்தனை பேர் உக்காந்திருக்கறப்போ போய், மோட்டாரைப் போட்டது நான்தான்டின்னு சொல்ல முடியுமா?"

முடியாது சார் என்றேன். மன்னிச்சிடுங்க என்றும் சொன்னேன். அது கேட்டதாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை. பந்தலில் வந்து "இப்பவா" என்று கேட்டபோதும் நான் தெளிவாகப் பதில் சொன்னதாகவும், அதற்கு முந்தின நாள் ஜன்னலோரம் நான் சொன்னதை வைத்துத்தான் அவர் ராத்திரி முழுக்க நிம்மதியாக உட்கார்ந்திருந்ததாகவும் சொன்னார். வாய் வார்த்தைக்கு அவர் மயங்குகிறவர் இல்லையாம், பதிலுக்கு ரெண்டு மணி வந்தால்தான் நம்புகிறவராம். அதுவும் ஒரு தடவை இல்ல தம்பி, ரெண்டு தடவை, என்றார்.

கடைக்குள் எங்கள் ஃப்ரீசர் பெட்டி சுவரோரமாகக் காலியாக இருந்தது, அவர் வீட்டுக்கு வந்த அதே பெட்டி. அதற்குப் பக்கத்து மேஜையில் ஓனர் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். என் கையில் போனில் ஆட்டம் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த நான் விரலைத் தேடிக்கொண்டிருந்தபோதே அவர் என்னைத் தாண்டி நடந்தார். வாசலில் செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தார். உள்ளே போய் ஓனரிடம், "பெட்டியில ஏதோ ரிப்பேராம். கொஞ்சம் வெளியே இருங்க" என்றார்.

ஓனர் பொட்டலத்தோடு எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். சிட்லபாக்கத்துக்காரர் நாற்காலியை இழுத்துப் பெட்டியோரம் போட்டு உட்கார்ந்தார். கைக்குட்டையை எடுத்து, ஆவி எதுவும் இல்லாத அந்தக் கண்ணாடியை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நிதானமாகத் துடைத்தார். பிறகு பையிலிருந்து சீப்பை எடுத்து முடியை வாரிக்கொண்டு, தலைமாட்டுப் பக்கமாகக் குனிந்தார்.